ஏன் ஓடுதுன்னு பாக்க வேணாமா?

நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு ரேடியோவை நானே தூக்கிக்கொண்டு போய் இன்னொருவர் மடியில் வைத்து, "அண்ணே, இதக் கொஞ்சம் கழட்டுங்க" என்று கேட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. காய்ச்சல் இல்லை. சாராயம் குடித்திருக்கவும் இல்லை; குடித்திருந்தால் இன்றைக்குச் சொல்ல ஒரு காரணமாவது கையில் இருந்திருக்கும். முட்டாள்களை வரிசையில் நிறுத்தினால் முதல் ஆளாக நான் நிற்கிறேன். இதை ஒப்புக்கொண்டாயிற்று. இனி எனக்கு அடுத்ததாக நிற்கிறவரைப் பற்றிச் சொல்லலாம்.

ரேடியோ என்னுடையதுகூட இல்லை, அக்காவுடையது. அக்கா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் தகடு வைத்துப் பூட்டிவிட்டு, நான்கு மாதத்துக்குக் காலை ஊன்றவே கூடாது என்றார்கள். அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு ஏறும் படிகளில் யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் பதுளையில் என் வீட்டுப் பின்னறையில் கட்டில் போட்டோம். அவளோடு வந்த சாமான்கள் மூன்று: ஒரு கம்பளி, ஒரு வெற்றிலைப் பை, அந்த ரேடியோ.

பின்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே மண்மேடு. பார்க்க ஒன்றும் இல்லை. கேட்கத்தான் ஏதாவது வேண்டும். ஜன்னல் கம்பியில் ஏரியல் வயரைச் சுற்றிவிட்டால் பாட்டு வரும். மழை பிடித்தால் பாட்டோடு அப்பளம் பொரிக்கிற சத்தமும் வரும். அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. பிடித்த பாட்டு வந்தால் கட்டில் சட்டத்தில் மோதிர விரலால் தட்டுவாள். அந்தத் தட்டல் கேட்டால் இன்றைக்கு வலி குறைவு என்று என் மனைவி கணக்குப் போட்டுக்கொள்வாள்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். தாள் சிக்கினால் இழுத்து எடுக்கத் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்து எனக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று எங்கள் வீதி நம்பியது. வீதி நம்பியதால் நானும் நம்பினேன். ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கொம்பியூட்டர் பலகை, ஒரு பழைய ரவுட்டர், கிடைக்கிற ஏதாவது ஒரு ஸ்பீக்கர், இவ்வளவு இருந்தால் போதுமாம். முன்னறையில் பழைய மடிக்கணினியில் கிடக்கும் பாட்டெல்லாம் வயர் இல்லாமல் எந்த அறைக்கும் போகும், போனைத் தடவினால் பாட்டு மாறும். விலையும் மலிவு; பலகையையும் ரவுட்டரையும் வாங்கிவிட்டேன். அக்காவுக்கு அப்பளச் சத்தம் இல்லாத பாட்டு! எண்ணம் நல்லதுதான். அதைக் கொண்டுபோய் அவரிடம் சொன்னதில்தான் எல்லாம் கெட்டது.

அவர் எங்கள் வீட்டுக்கு மேலே மூன்றாவது வீட்டில் இருந்தார். கட்டாரில் ஏ.சி. பராமரிக்கிற வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் அவர் ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பார். இடது கண் எப்போதும் பாதி மூடியிருக்கும், ஏதோ ஒரு துளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே பிறந்தவர் போல. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதரைப் பார்த்து சுகம் விசாரிக்க மாட்டார். எது இரைகிறதோ அதைப் பார்ப்பார்.

"இந்த ஃபிரிட்ஜ் எத்தன வருசமா ஓடுது?"

"எட்டு வருசம் அண்ணே. ஒரு தொல்லையும் குடுத்ததில்ல."

"ம்."

அந்த "ம்" எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற டாக்டரின் "ம்". அடுத்தது என்ன வரும் என்று வீதிக்கே தெரியும். "ஓடுதுன்னா, ஏன் ஓடுதுன்னு பாக்க வேணாமா?"

இதுதான் அவர். பழுது பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பழுதான சாமானை அவர் தொடவே மாட்டார். என் மனைவி ஒரு தடவை சூடேறாத இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோனாள். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "செத்தத வச்சி என்னம்மா செய்யிறது? ஓடுறது ஏதும் இருந்தா கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார். நல்ல நிலையில் உள்ள பொருளைக் கண்டால்தான் அவருக்குக் கை அரிக்கும். ஓடுகிற பொருள் தனக்குத் தெரியாமல் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறது என்று சந்தேகப்படுவார். கழற்றுவார், பார்ப்பார், "இவ்வளவுதானா?" என்பார். பிறகு அந்தப் பொருளுக்கும் ஓட மனசு வராது.

கோயில் ஆம்பிளிஃபயரில் கை வைத்தார். திருவிழாவன்று மைக்கில் பேசிய தர்மகர்த்தாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சனம் சிரித்தது. அவர் அசையவில்லை. "இப்பத்தான் உண்மையான குரல் வருது. இத்தன வருசமா நீங்க கேட்டது பொய்" என்றார். தர்மகர்த்தா பாவம், அன்றிலிருந்து மைக்கைக் கண்டாலே தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கூலி வாங்க மாட்டார். ஒரு தேத்தண்ணி போதும். கூலி வாங்குகிறவனை நாலு வார்த்தை கேட்கலாம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவரை என்ன கேட்பது? கழற்றிய பிறகு ஏழெட்டு ஸ்குரூ மிச்சம் கிடந்தால், "கம்பனிக்காரன் தேவையில்லாம போட்டது" என்று அதையும் நமக்கே அன்பளிப்பாகக் கொடுப்பார்.

அவருடைய மனைவி தேங்காய்ச் சம்பலுக்கு அரைக்கிற கிரைண்டரை அழுக்குத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். எங்கள் வீதிப் பெண்களுக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தார்: "அவரு வந்தா ஓடுதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னு சொல்லுங்க." அதனால் எங்கள் வீதியில் ஒரு பழக்கமே உண்டாகிவிட்டது. அவர் தலை தெரிந்தால் ஃபேன் இழுத்துக்கொண்டு கிடக்கும், டீவி இழுத்துக்கொண்டு கிடக்கும், தையல் மெஷின் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அவர் ஏமாற்றத்தோடு படியிறங்கிய மறுநிமிஷம் எல்லாம் உயிர் பெறும். நாலு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பழக்கம் இது. எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன். ஏன் என்று கேட்டால், தாள் சிக்கலை எடுக்கத் தெரிந்தவனுக்கு, பலகையைப் பார்த்தே பெயர் சொல்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் தானும் ஏதோ பெரிய ஆள் என்று ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்புக்காக அக்காவின் ரேடியோவைக் கொடுத்தேன்.

அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரேடியோவைக் கேட்டார். மழை நேரம். அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது.

"பாடுதா இது? இருமுதுக்கா."

"இருமினாலும் எங்கூடத்தானப்பா இருமுது. வச்சிட்டுப் போ" என்றாள் அக்கா.

"இதோட ஸ்பீக்கர் நல்ல சாமான்கா. அத மட்டும் எடுத்து இந்தச் சின்னப் பலகையில மாட்டுனா, நாளைக்கு இந்நேரம் கண்ணாடி மாதிரிப் பாடும்."

"கண்ணாடி எங்கப்பா பாடியிருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ரேடியோவைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன், முதலிலேயே ஒப்புக்கொண்ட அந்த வாக்கியத்தைச் சொன்னேன், ஜன்னலில் கட்டியிருந்த வயரையும் நானே அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்தேன். டோர்ச் வேறு பிடித்தேன்.

மறுநாள் பாடவில்லை. அடுத்த கிழமையும் பாடவில்லை. பலகைக்கு மெமரி கார்ட் பிடிக்கவில்லையாம், பிறகு மின்சாரம் போதவில்லையாம், பிறகு ஸ்பீக்கரின் மூடியைக் கழற்றி "உள்ள என்ன இருக்குன்னு" பார்த்தாராம். ரேடியோவின் மிச்ச உடம்பு ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. அக்கா பின்னறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்தால், அப்புத்தளைப் பனியில் நின்றுபோன ரயிலைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்பாள்: "பாட்டு எங்கடா வருது? கிட்ட வந்துருச்சா?"

"கடையில ஒரு புது ரேடியோ வாங்கிக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"நாளைக்கே பாடிரும். எதுக்கு வீணா?" என்றேன்.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "அவரு தெரிஞ்சி கெடுக்கிறாரு. நீங்க தெரியாம கெடுக்கிறீங்க. வேற வித்தியாசம் ஒண்ணும் எனக்குத் தெரியல."

ஒரு வழியாகப் பலகை உயிர் பெற்றபோது வேறொரு தொல்லை. கரண்ட் போய் வந்தால் பாட்டு நின்றுவிடும். பதுளையில் காற்று அடித்தால் கரண்ட் போகும், அடிக்காவிட்டாலும் போகும். அவர் அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினார். தோட்டத்தில் பெரட்டு தெரியுமல்லவா, காலையில் எல்லோரும் களத்தில் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது? அதே போல இந்த ரவுட்டர்தான் கணக்கப்பிள்ளை. போன், மடிக்கணினி, இந்தப் பலகை எல்லாம் பெரட்டுக்கு வந்து நிற்கிற ஆட்கள். யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு ஒரு நம்பர். கரண்ட் போய் வந்தால் மறுபடி பெரட்டு, மறுபடி வேறு நம்பர். நம் போன் பழைய நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

எனக்குப் புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டினேன். முப்பது வருஷம் பெரட்டில் நின்ற அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"அதென்னப்பா தெனம் ஒரு நம்பர்? எங்க தோட்டத்துல பேர் பதியிற செக்ரோல் நம்பர் மாறவே மாறாது. எனக்கு முப்பது வருசமா நூத்திப் பதினேழுதான். இதுக்கும் ஒரு நம்பர நெலையா எழுதி வச்சிர வேண்டியதுதான?"

அவர் பாதிக் கண்ணையும் மூடிக்கொண்டார். படுத்திருக்கிற ஒரு பெண் சொன்னது சரி என்று தெரிந்ததும் அவர் முகம் புளித்ததைப் பார்க்க வேண்டுமே! "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார். பலகைக்கு நூற்றுப் பதினேழு என்று நிலையாக எழுதினார்.

பாடியது. கண்ணாடி மாதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்பளம் இல்லை. அக்காவின் விரல் கட்டில் சட்டத்தைத் தேடிப் போனது. நாலு பாட்டு. ஐந்தாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது போனில் தடவத் தடவ, பலகை வாயே திறக்கவில்லை. நம்பர் சரியாகத்தான் இருந்தது. அவர் இரண்டு நாள் பலகையை முறைத்துப் பார்த்தார். அவருக்கு அது சந்தோஷமாகவே இருந்தது என்று நினைக்கிறேன். கண்டுபிடித்தது என் மனைவி. போனில் எதையோ அமுக்கப் போய், "ஏங்க, எம் போன்லயும் கடைசியில நூத்திப் பதினேழுன்னு காட்டுதே, அது என்னா?" என்று கேட்டாள்.

அதுதான் விஷயம். அவர் பலகையிடம் "ஒனக்கு நூத்திப் பதினேழு" என்று சொன்னார், கணக்கப்பிள்ளையிடம் சொல்லவில்லை. ரவுட்டர் அந்த நம்பர் சும்மா கிடப்பதாக நினைத்து, முதலில் வந்து நின்ற என் மனைவியின் போனுக்குக் கொடுத்துவிட்டது. ஒரே நம்பருக்கு இரண்டு ஆள்.

அக்கா சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அங்கயும் அதேதான்டா. நான் படுத்த மறுமாசமே எந் நம்பர மேட்டு லயத்துக்காரிக்குக் குடுத்துட்டாங்களாம். படுத்தவ நம்பரு சும்மா கெடக்கக் கூடாதுல்ல?"

சிரித்து முடித்ததும் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். நான் ரவுட்டரின் பட்டியலைத் திறந்து, நூற்றுப் பதினேழு இந்தப் பலகைக்கு மட்டும், வேறு யாருக்கும் கிடையாது என்று எழுதினேன். ஐந்து நிமிஷ வேலை. வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த வேலைகளில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம், ஏனென்றால் போட்டிக்கு வேறு வேலை இல்லை.

மூன்று நாள் பாடியது. கரண்ட் நான்கு தடவை போனது. நான்கு தடவையும் திரும்பி வந்து பாடியது. அக்கா சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எந்தப் பாட்டை வைக்க வேண்டும் என்று என் மனைவியை அதட்டினாள். அவள் அதட்டினால் வீடே நிமிர்ந்து நிற்கும்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு இருப்பான். நான் வாழைப்பழச் சீப்பு ஒன்று வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். படியேறும்போதே கத்தினேன்: "அண்ணே, மூணு நாளா நிக்காம ஓடுது!"

அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி நெற்றியில் அறைந்துகொண்டார். அறை எனக்கும் கேட்டது. அவர் பழத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"நிக்காமலா?"

"இல்லண்ணே... அப்பப்ப... இழுத்துக்கிட்டு..." என்று இழுத்தேன்.

அவர் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அரைப் பாட்டு அளவுக்குக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, உண்மையாகவே கேட்டார். ஒருவேளை இவருக்கும் பாட்டுப் பிடிக்குமோ என்று ஒரு நொடி எனக்கு இரக்கம் வந்தது. பிறகு பார்த்தேன், அவர் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுக்குப் பின்னால் பலகை சூடாகிற சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஓடுதுன்னா..."

"வேணாம் தம்பி" என்றாள் அக்கா அவரிடம். "ஓடட்டும். ஏன் ஓடுதுன்னு எனக்குத் தெரிய வேணாம்."

"ரெண்டு நிமிசம்கா."

இந்த முறையாவது நான் "வேணாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டினார். நீட்டிய கையில் நான் டோர்ச்சை வைத்தேன்.

இரண்டு நிமிஷம் ஆகவில்லை. கருவாடு வாட்டுவது போல ஒரு மணம் வந்தது. பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது. அவர் பலகையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், கட்டில் சட்டத்தில் வைத்தார்.

"செத்துப்போச்சி" என்றார்.

அவ்வளவுதான். வருத்தமோ கோபமோ இல்லை. செத்ததை அவர் தொட மாட்டாரே! கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தார், சீனி கொஞ்சம் கூட என்று சொன்னார், போய்விட்டார். பழச் சீப்பை மட்டும் மறக்காமல் சாப்பிட்டு முடித்ததாக அவர் மனைவி பிறகு சொன்னார்.

அதன் பிறகு அக்கா பாட்டைப் பற்றி விசாரிக்கவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். மிச்ச மாதங்களை மண்மேட்டைப் பார்த்தே கழித்தாள். கடைசியில் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து நின்ற நாளில் வீதியே திரண்டு பார்த்தது. அவரும் வந்திருந்தார். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தபோது அவர் ஒருவர்தான் இடுப்பைப் பார்த்தார். "நல்லா நடக்கிறீங்களே அக்கா. உள்ள எத்தன ஸ்குரூ போட்டிருக்கான்?" என்று கேட்டார். அக்கா பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு அவ்வளவு வேகமாக வீட்டுக்குள் நடந்ததை நான் கண்டதில்லை.

கொஞ்ச நாளில் அவர் மகள் வீட்டோடு இருக்க மொனராகலைக்குப் போய்விட்டார். அங்கே வெயில் அதிகம். ஃபேன் ஓடாத வீடே இருக்காது. அந்த ஊரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அவர் போன பிறகு நான் புதுப் பலகை ஒன்று வாங்கி, நானே முட்டி மோதி எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டினேன். மூன்று அறையிலும் பாடியது. ஆனால் அக்கா அப்போது லயத்துக்குத் திரும்பிவிட்டாள். தோட்டத்தில் புது நம்பர் போட்டு, பிள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள். விடுவேனா? பலகையையும் ஸ்பீக்கரையும் ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு மடுல்சீமை பஸ்ஸில் ஏறினேன். பாதை கிடந்த கிடப்பில் பெட்டியை மடியில் வைத்து, பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு போனேன். லயத்துக்குக் கிட்டப் போன பிறகுதான் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, அங்கே ரவுட்டர் இல்லை; போன் சிக்னல் வேண்டுமென்றால் பெரட்டுக் களம் வரை மேட்டில் ஏற வேண்டும். இரண்டு, அக்கா வீட்டுக் காம்பராவுக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

பஜாரில் அவளே போய் வாங்கிய சின்ன ரேடியோ. ஜன்னலோரத்தில் வைத்திருந்தாள். அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மழை தூறியது. பாட்டோடு சேர்ந்து கரகரவென்று இரைந்தது.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ரேடியோ பக்கத்தில் போய் நின்றேன். காதைக் கிட்டக் கொண்டுபோனேன். என் விரல் தானாகவே அதன் முதுகைத் தடவி, மூடி எங்கே பிரிகிறது என்று பார்த்தது.

"நல்லாத்தான்கா ஓடுது. ஆனா இந்தக் கரகரப்பு எங்கயிருந்து வருதுன்னு ஒருக்கா தொறந்து..."

அக்கா மாவுக் கையோடு திரும்பினாள்.

"கைய எடுடா."